ஹெஸ்டர் லோவெல் இசையமைக்காத ஆண்டுகள்

ஹெஸ்டர் லோவெல் இசையை விட்டபோது அவருக்கு முப்பத்தாறு வயது. அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகளாக அவர் எதுவும் செய்யவில்லை. அந்த ஐம்பது ஆண்டுகளின் இசையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அவரைப் பார்க்க துஷ்யந்தி மோர்கம் என்ற கடற்கரை நகருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தாள்.

துஷ்யந்தி மான்செஸ்டரில் ஓர் இசை நிறுவனத்தில் ஒலிப் பொறியாளர். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்து வளர்ந்தது லண்டனை ஒட்டிய ஹாரோவில். பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பில்தான் ஹெஸ்டரின் இசையை முதலில் கேட்டாள். பாட்டுமில்லை, வாத்தியமுமில்லை. ஈரக் கண்ணாடியில் யாரோ விரலால் எழுதுவதுபோல ஓர் ஒலி. அன்றைக்கு மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹெஸ்டரின் கதை அவளுக்கு மனப்பாடம். பிராட்ஃபோர்டில் ஒரு மருத்துவமனையில், காது சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்கும் அறையில் உதவியாளராக இருந்தவர் அவர். சோதனைக் கருவி எழுப்பும் 'பீப்' ஒலிகளை, நோயாளிகள் போன பிறகு, ஒலிநாடாவில் பதிவு செய்வார். நாடாவைச் சவர பிளேடால் துண்டு துண்டாக வெட்டி, வேறு வரிசையில் ஒட்டுவார். கீபோர்டும் கம்ப்யூட்டரும் வராத காலம். மூன்று நிமிட இசைக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடிக்கும். லண்டனில் ஆவணப்படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. கடலடி படங்களுக்கும் விண்வெளிப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் அவர் ஒலி செய்தார். திரையில் அவர் பெயர் வந்ததே இல்லை; ஸ்டூடியோவின் பெயர்தான் வரும். சொந்தமாக ஒரே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது விற்கவில்லை. 1974-இல் இசை உலகிலிருந்தே காணாமல் போனார்.

வெகுகாலம் கழித்து இளைஞர்கள் அந்த இசைத்தட்டைக் கண்டெடுத்துக் கொண்டாடினார்கள். பிரிட்டனில் மின்னணு இசைக்கு வழி போட்டவர்களில் ஒருவர் என்று கட்டுரைகள் வந்தன. ஆண்கள் கூடி அவரை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று எல்லாக் கட்டுரைகளும் எழுதின. துஷ்யந்தியும் அப்படித்தான் நம்பினாள். அவரிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகவே நினைத்து அவர் வீட்டு மணியைத் தேடினாள். மணி இல்லை. கதவைத் தட்டியபோதும் சத்தம் எழவில்லை. கதவு முழுவதும் தடித்த கம்பளித் துணி ஒட்டியிருந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஹெஸ்டரே வந்து திறந்தார். ஒல்லியான உருவம், குட்டையாக வெட்டிய வெள்ளை முடி.

"விட்டுப்போன இசையை எந்திரம் செய்து தருவது இறந்தவர்களுக்குத்தானே?" தேநீரை வைத்துக்கொண்டே கேட்டார்.

"பெரும்பாலும் அப்படித்தான். நீங்கள் உயிரோடு இருப்பதால் உங்கள் சம்மதம் வேண்டும்."

"உங்களுக்கு அது ஓர் இடைஞ்சல்." சிரித்தார். "எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். அந்த எந்திரம் என்ன செய்கிறது?"

"நீங்கள் செய்த எல்லாவற்றையும் வரிசையாக அதற்குக் கொடுத்தோம். எதை விட்டுவிட்டு எதற்குப் போனீர்கள், எது அலுத்தது, எதற்குத் திரும்பி வந்தீர்கள்... உங்கள் ரசனை எந்தப் பக்கம் நகர்கிறது என்று அது கற்றுக்கொள்கிறது. எந்த வருஷம் எந்தக் கருவி கடைக்கு வந்தது என்றும் அதற்குத் தெரியும். 1975-இல் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டால் செய்து தரும். அதைச் சேர்த்துக்கொண்டு அடுத்த வருஷம். இப்படியே இன்றுவரை வந்துவிட்டது."

"ஆக, வேலையை விடாத ஹெஸ்டர் ஒருத்தி அங்கே இருக்கிறாள்."

"ஆமாம்."

"சரி. அவள் என்ன செய்தாள் என்று கேட்போம்."

துஷ்யந்தி ஹெட்போனைக் கொடுத்தாள். 1975 ஓடியது. ஹெஸ்டரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. முடிந்ததும், "ஒலி மூச்சு விடப்போகிற நேரத்தில் நாடாவை வெட்டுவது என் பழக்கம்," என்றார். "அதை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்ததைப் போடுங்கள்."

மதியம் முழுவதும் கேட்டார். தேநீர் ஆறிப்போனது. 1983-இல் வரும் ஒரு நீண்ட இசையின் நடுவில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அழுதார்.

"இவ்வளவு தூரம் போயிருப்பேனா?" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை, துஷ்யந்தி. எனக்கு ஒரு மகன் இருந்தான்."

பெயர் ராபின். பிறந்த நாளிலிருந்தே அவனுக்குச் சத்தம் என்றால் வலி. ஸ்பூன் தட்டில் பட்டால் அடி வாங்கியவன்போலத் துடிப்பான். காதில் கோளாறு இல்லை, மூளை சத்தத்தை வலியாக வாங்கிக்கொள்கிறது, மருந்தில்லை என்றார்கள் மருத்துவர்கள். கணவர் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஹெஸ்டர் நாடாப் பெட்டிகளைத் தோட்டத்துக் கொட்டகையில் போட்டுப் பூட்டினார். வீட்டுக் கதவுகளுக்கும் மேசைக் கால்களுக்கும் கம்பளி ஒட்டினார். இரண்டு பேரும் குரல் எழுப்பாமல் உதட்டசைவிலேயே பேசிப் பழகினார்கள். இப்படி நாற்பத்தொரு ஆண்டுகள். அவன் நிமோனியாவில் இறந்தான்.

"இதற்குக் கட்டுரையில் 'தியாகம்' என்று போடுவார்கள்," என்றார் ஹெஸ்டர். "விரும்பித்தான் விட்டேன் என்று நினைத்துவிடாதே. விருப்பமே இல்லை. தினமும் கை பரபரக்கும். ஆனால் விட்டதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று என்னிடம் கேட்காதே." ஹெட்போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது ராபின் பிறக்காத வீட்டில் செய்த இசை. நன்றாக இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை."

சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். ஒன்றே ஒன்று கேட்டார். "ராபினைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம். அவனுக்குக் கூட்டம் ஆகாது."

துஷ்யந்தி சொல்லவில்லை.

இசை வெளியானது. ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்பதுபோல இருக்கிறது என்று எழுதினார்கள். தொண்ணூறுகளில் வருகிற இசை மகப்பேறு மருத்துவமனைகளிலும் ரயில் நிலையங்களிலும் ஒலித்தது. எந்திரம் செய்தது என்று அட்டையில் எழுதத்தான் செய்திருந்தார்கள். ஆனால் கேட்பவர்கள் 'ஹெஸ்டர் லோவெல்' என்றே சொன்னார்கள். நாளடைவில் கடைகளும் அப்படியே சொல்லத் தொடங்கின.

துஷ்யந்தி வியாழக்கிழமைகளில் மோர்கம் போனாள். வேலைக்காகத் தொடங்கியது பழக்கமாகிவிட்டது. ஹெஸ்டர் அவளைத் 'துஷி' என்று கூப்பிட ஆரம்பித்தார். இருவரும் ஒவ்வோர் ஆண்டின் இசையாகக் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் ஹெஸ்டர் ராபினைப் பற்றி ஏதாவது சொல்வார். ஒருநாள், "இந்த எண்பத்தொன்றை நான் எப்படிச் செய்திருப்பேன்? எந்தக் கருவியில்? எனக்குப் பிடிபடவில்லை," என்றார். அவர் கண்ணில் தெரிந்த ஆவலைப் பார்த்து துஷ்யந்திக்குச் சந்தோஷமாக இருந்தது. எந்திரத்திடம் கேட்டால் செய்முறையையும் சொல்லும் என்றாள். அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுத்தாள்.

நிறுவனத்தின் தலைவர் நைஜல் அதைக் கேள்விப்பட்டதும் இன்னும் ஒரு படி மேலே போனார். ஹெஸ்டர் மேடைகளில் பேச வேண்டியிருந்தது. எண்பத்தெட்டு வயதில் சாவியும் பெயர்களும் மறந்துபோகத் தொடங்கியிருந்தன. முதியவர்களுக்கு நினைவூட்டுவதற்காகச் செய்த 'ஞாபகத் துணை' என்ற திரை ஒன்றை நைஜல் அவர் வீட்டுச் சுவரில் பொருத்தச் செய்தார். ஒவ்வோர் இசையையும் போட்டால் அதற்கான ஸ்டூடியோ திரையில் விரியும். நாற்பத்தைந்து வயது ஹெஸ்டர் நாடா வெட்டிக்கொண்டிருப்பார். அறுபது வயது ஹெஸ்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு குரல், எந்த இசை எப்படிப் பிறந்தது என்று மெதுவாகச் சொல்லும். ஹெஸ்டருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. காலை உணவையே அதன் முன்னால் வைத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை துஷ்யந்தி குளிருக்குக் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து ஹெஸ்டர் சொன்னார்: "எழுபத்தொன்பதில் ஸ்டூடியோ ஹீட்டர் கெட்டுப்போய், கையுறையோடுதான் நாடா வெட்டினேன். தப்புத் தப்பாக வெட்டியதில்தான் அந்த இரண்டாம் பகுதி வந்தது."

துஷ்யந்தி சிரித்தாள். ஹெஸ்டர் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் வந்தபோது கதவைத் தட்டியதும் சத்தம் கேட்டது. ஹெஸ்டர் கம்பளித் துணியை ஆள் வைத்துப் பிய்த்தெடுத்திருந்தார். "யாரோ முன்னால் குடியிருந்தவர்கள் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அசிங்கமாக இருந்தது," என்றார். பிறகு மாடிப்படியைக் காட்டி, "மேலே அந்தச் சின்ன அறை இருக்கிறதே, அதை நான் யாருக்காவது வாடகைக்கு விட்டிருந்தேனா? ஆம்பளைச் சட்டைகள் கிடக்கின்றன," என்று கேட்டார்.

துஷ்யந்தி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவள் கணவன் பிரதாபன் ஒரு மருத்துவமனையில், முதியோர் வார்டில் தாதியாக வேலை செய்கிறவன். சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஹெஸ்டருக்கு ஒரு மகன் இருந்தவன், ராபின். செத்துப்போனான். இப்ப அவனை மறந்திட்டா."

"வயசு போனவை மறக்கிறது வழமைதானே."

"இது மறதி இல்லையப்பா. மறந்த இடம் வெறுமையா இருந்தால் பரவாயில்லை. நாங்கள் அதுக்குள்ள வேற ஒண்டைக் கொண்டுபோய் வச்சிட்டம். செய்யாத வேலையெல்லாம் அவாவுக்கு ஞாபகம் இருக்கு. பெத்த பிள்ளை ஞாபகம் இல்லை."

பிரதாபன் கத்தியை வைத்தான். "நீர் போய்ச் சொல்லப் போறீரோ?"

"சொல்லாமல் என்ன செய்யிறது? அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிஞ்ச ஆள் இப்ப உலகத்தில நான் ஒருத்திதான். நானோ அவனைக் கண்டதுகூட இல்லை."

"எங்கட வார்டில ஒரு கிழவர் இருந்தவர். மனுசி எங்கை, மனுசி எங்கை எண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். புதுசா வந்த ஒரு பிள்ளை உண்மையைச் சொல்லிப்போட்டுது, மனுசி செத்துக் கன காலமெண்டு. அண்டைக்கு முழுக்க அழுதார். விடிய எழும்பித் திருப்பியும் மனுசி எங்கை எண்டார். ஒவ்வொரு தரமும் அவருக்கு அது புதுச் செத்தவீடு." அவள் தோளில் கை வைத்தான். "யோசிச்சுச் செய்யும்."

மறுநாள் அவள் நைஜலின் அறைக்குப் போனாள். ராபினைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை என்ற வாக்கை இரண்டாம் முறையாக மீறினாள்.

நைஜல் கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்தத் திரையை எடுத்துவிட வேண்டும்," என்றாள் துஷ்யந்தி.

"எடுத்தால் மகன் திரும்பி வருவானா?"

"தெரியாது."

"ஒருவேளை வருகிறான் என்றே வைத்துக்கொள்வோம். செத்துப்போன மகன். பூட்டிவைத்த நாடாக்கள். பேச்சுச் சத்தமே இல்லாத நாற்பது வருஷம். இப்போது அவர் காலையில் எழுந்ததும் தன் வாழ்க்கையை நினைத்துப் பெருமைப்படுகிறார். இரண்டில் எதை நீ அவருக்குத் தேர்ந்தெடுப்பாய்?"

"தேர்ந்தெடுக்க நாம் யார், நைஜல்?"

"அந்தக் கேள்வியை நாம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்," என்றார் அவர். "எடுத்துப் பார். அவர் கஷ்டப்பட்டால் திருப்பி மாட்டிவிடு."

திரையை எடுத்தார்கள். ஹெஸ்டரைப் பார்க்க வந்த மருத்துவர், சில நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த முறை துஷ்யந்தி போனபோது வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஹெஸ்டர் தோட்டத்துக் கொட்டகையில், நனைந்த தரையில் உட்கார்ந்திருந்தார். பழைய நாடாப் பெட்டிகளைச் சுற்றிலும் பரப்பியிருந்தார்.

"துஷி, எழுபத்து நான்கு வரைக்கும்தான் இருக்கிறது," என்றார். "மற்றதெல்லாம் எங்கே? நான் செய்த வேலையெல்லாம் எங்கே? யார் எடுத்துக்கொண்டு போனார்கள்?"

அவருக்குக் கம்பளி போர்த்தி வீட்டுக்குள் அழைத்துப்போனாள். மாடிக்குக் கூட்டிச் சென்று அந்தச் சின்ன அறையைத் திறந்தும் காட்டினாள். ஹெஸ்டர் கட்டிலையும் சட்டைகளையும் பார்த்தார். மரியாதைக்காகப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "என் நாடாக்கள் இங்கேயும் இல்லை," என்றார்.

மாலையிலேயே திரையைத் திரும்பப் பொருத்தினார்கள். திரையில் 1983 ஓடத் தொடங்கியதும் ஹெஸ்டர் துஷ்யந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, கிடைத்துவிட்டது," என்றார்.

வசந்த காலத்தில் மான்செஸ்டரில் அவருக்குப் பெரிய விழா எடுத்தார்கள். அரங்கம் நிறைந்திருந்தது. ஹெஸ்டர் நீல உடையில் மேடையில் அமர்ந்து ஒரு மணி நேரம் பேசினார். ஹீட்டர் கெட்டுப்போன கதைக்குக் கூட்டம் சிரித்தது. முதன்முதலில் கணினி வாங்கிய கதைக்குக் கைதட்டியது. அவற்றில் எதுவும் நடந்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவர் கண்கள் பளபளத்தன.

கடைசியில் ஓர் இளம்பெண் எழுந்தாள். கையில் குழந்தை வைத்திருந்தாள். "நானும் இசையமைக்கிறேன். இவன் பிறந்த பிறகு ஒன்றும் ஓடவில்லை. நீங்கள் குடும்பத்தையும் இதையும் எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டாள்.

"எனக்குக் குழந்தைகள் இல்லையம்மா," என்றார் ஹெஸ்டர். "எங்கே நேரம் இருந்தது?"

கூட்டம் அன்போடு சிரித்தது. அந்தப் பெண் சிரித்தபடியே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். பின்வரிசையில் இருந்த துஷ்யந்தி எழுந்து வெளியே போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்று, சத்தம் வராமல் அழுதாள்.

அந்த மாதம் வேலையை விட்டாள். நைஜல் தடுக்கவில்லை. ஹெஸ்டருக்குப் பிறகு இன்னும் ஆறு பேருக்கு அந்த எந்திரம் வாழ்க்கை செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் இல்லாமலும் அது ஓடும்.

ஆனால் வியாழக்கிழமை மோர்கம் போவதை விடவில்லை.

கோடையில் ஒருநாள் ஹெஸ்டர் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கண்ணுக்கெட்டியவரை ஈரச் சேற்று மணல். சக்கர நாற்காலியை நடைபாதை ஓரத்தில் நிறுத்திவிட்டு துஷ்யந்தி பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீ வர வரப் பேசுவதே இல்லை," என்றார் ஹெஸ்டர். "எப்போதும் என் பழைய கதையையே கேட்கிறாய். நீ ஏதாவது சொல்லேன். உனக்குத் தெரிந்த யாரைப் பற்றியாவது."

துஷ்யந்தி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த கதை ஒன்றுதான் இருந்தது.

"எனக்கு ஒரு பெண்ணைத் தெரியும்," என்று தொடங்கினாள். "உங்களைப் போல அவளும் இசையமைத்தாள். கெட்டிக்காரி. அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். சத்தம் கேட்டால் அவனுக்கு வலிக்கும்."

"எந்தச் சத்தம் கேட்டாலுமா?"

"எல்லாச் சத்தமும். அதனால் அவள் இசையை விட்டுவிட்டாள். இரண்டு பேரும் இந்த மாதிரி ஒரு கடற்கரை ஊருக்கு வந்து இருந்தார்கள்."

"பாவம். துணைக்கு யாரும் இல்லையா?"

"யாரும் இல்லை."

"பையன் எப்படி இருப்பான்?"

"உயரமாக இருப்பான். அவித்த உருளைக்கிழங்கு ஆறிப்போன பிறகுதான் சாப்பிடுவான், அதுவும் திருடித்தான் சாப்பிடுவான். அம்மா பார்க்காத மாதிரி நடிக்க வேண்டும்." ஹெஸ்டர் சிரித்தார். துஷ்யந்தி தொடர்ந்தாள். "கடல் உள்வாங்கும்போது அவனை மணலுக்குக் கூட்டிப்போவாள். கால் புதையும்வரை அசையாமல் நிற்பான். அப்புறம் வெடுக்கென்று காலை இழுப்பான். 'பிளக்' என்று ஒரு சத்தம் வருமே, அந்த ஒரு சத்தம் மட்டும் அவனுக்கு வலிக்காது. அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். நாற்பது வயதிலும் சிரித்தான்."

"அதை அவள் பதிவு செய்தாளா?"

"இல்லை. பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்தினால் 'டக்' என்று கேட்கும். அது அவனுக்கு வலிக்கும்."

தொலைவில் யாரோ நாயோடு மணலில் நடந்து போனார்கள்.

"நான் அவளாக இருந்திருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன், துஷி," என்றார் கடைசியில். "உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அவ்வளவு மனசு கிடையாது. எனக்கு வேலைதான் எல்லாம்."

துஷ்யந்தி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"செய்திருப்பீர்கள்," என்றாள்.

ஹெஸ்டர் நம்பாமல் தலையாட்டினார். ஆனாலும் அந்தச் சொல் அவருக்குப் பிடித்திருந்ததுபோலத் தெரிந்தது. நாற்காலியில் வாகாகச் சாய்ந்துகொண்டு, "சரி, அந்தப் பையனுக்குப் பெயர் என்ன?" என்று கேட்டார்.